மாமன் மகனின் கம்ப்யூட்டரும் நொண்டிக் குதிரையும்

கேள்வி: ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறோம். என் தாய்மாமன் மகன் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூன்று வருடமாக வைத்திருக்கும் கேமிங் கம்ப்யூட்டரை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறான். பி.சி.ஏ. படிக்கும் என் பையன் அதற்கு மேஜையே ஒதுக்கிவிட்டான். "சொந்த அண்ணன் பிள்ளையிடம் பில் கேட்டு என் மானத்தை வாங்காதே" என்கிறார் அம்மா. நாளைக்கு ரிப்பேரானால் சட்டப்படி ஏதாவது கேட்க முடியுமா? வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அம்மா சொன்னாரே என்று வாயை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

இதே பெட்டியைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கி, அது கோளாறானால், கோலாரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாம். உங்கள் மாமன் மகன் வியாபாரி அல்ல. தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்கிறவன். அவன் மேல் அங்கே புகார் நிற்காது. பொருளின் தரத்துக்கு விற்கிறவர்தான் பொறுப்பு என்று 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்வதும் பெரும்பாலும் வியாபாரிகளுக்குத்தான். மற்றவர்களிடம் வாங்கும்போது பார்த்து வாங்குவது உங்கள் பாடு.

அப்படியானால் சொந்தம் என்பதற்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஒரு குதிரைக் கதையில். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது. ஒருவர் ஏலத்தில் குதிரை விற்கிறார். அதற்குக் குறை உண்டு என்று தெரிந்தும் சொல்லவில்லை. அது மோசடி அல்ல. ஆனால் வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவருடைய மகள் என்றால், சொல்லியே ஆக வேண்டும். அந்த உறவே அந்தக் கடமையைக் கொண்டுவருகிறது. மூன்றாவது உதாரணம்தான் உங்களுக்கு வேண்டியது: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவர் சொல்கிறார். விற்கிறவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் வாயால் சொன்னதற்குச் சமம்.

அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் அப்பனும் மகளும் ஆக மாட்டார்கள். நீங்கள் கேட்காவிட்டால், சொல்லாமல் இருந்தது அவன் தப்பு என்று எந்த ஜட்ஜும் சுலபத்தில் எழுத மாட்டார். கேட்டுவிட்டால் கதையே வேறு. பொய் சொல்லியிருந்தால் 19ஆம் பிரிவின்படி விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதே பிரிவில் ஒரு முள்ளும் உண்டு. அவன் பேசாமல் இருந்ததுதான் உங்கள் புகார் என்றால், "சாதாரணமாகச் சோதித்திருந்தாலே தெரிந்திருக்குமே" என்ற பதில் அவனுக்குக் கைகொடுக்கும். அதனால் பையனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். சூடு எவ்வளவு ஏறுகிறது, நடுவில் நின்றுபோகிறதா என்று பார்க்கட்டும்.

என்ன கேட்பது? முதலில், "கிராபிக்ஸ் கார்டு மைனிங்குக்கு ஓடியதா?" நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் 2001இல் மூடிய தங்கச் சுரங்கம்தான் ஞாபகம் வரும். இது கிரிப்டோ மைனிங். கார்டு இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ தன் முறையை மாற்றியதும் அந்தக் கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போய், நிறைய கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. உங்கள் மாமன் மகனே தெரியாமல் அப்படி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம்.

பில் கேட்பது சந்தேகத்தால் அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் அதற்குப் பில் வேண்டியிருக்கும். இன்னொன்று, பெட்டி அவனுடையதா, கம்பெனி கொடுத்ததா, இ.எம்.ஐ. பாக்கி உண்டா என்பதும் அதில்தான் தெரிய ஆரம்பிக்கும். தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்றால், நல்ல மனசோடு காசு கொடுத்து வாங்கியவருக்கும் பொதுவாக அது சொந்தமாகாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் முழுக்க உங்கள் பக்கம்: பொருள் தன்னுடையது, கடன் பிடிப்பு இல்லாதது என்ற பொறுப்பு, வியாபாரியோ சொந்தக்காரரோ, விற்கிறவர் எவருக்கும் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி உண்டு.

"அதிலேயே நூறு கேம் இருக்கு" என்றால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கேம் வாங்கி வைக்கும் ஸ்டீம் கணக்கை விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. பையன் முகம் வாடும், என்ன செய்ய.

பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில்தான். போனில் "சரிடா, எடுத்துக்கிறேன்" என்று சொன்ன அந்த நிமிஷமே பெட்டி உங்களுக்குச் சொந்தமாகிவிடலாம். பணம் பிறகு, பொருள் பிறகு என்றாலும் சரி. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு அப்படித்தான். சொந்தம் மாறினால் நஷ்டமும் மாறும். மாரிக்குப்பம் ரயிலின் சாயங்காலக் கூட்டத்தில் யாராவது இடித்து, பெட்டி பங்காரப்பேட்டையில் கீழே விழுந்தால் உடைந்தது உங்கள் கம்ப்யூட்டர். வேறு விதமாகப் பேசி வைத்துக்கொள்ளச் சட்டம் தடையில்லை. பேசி வையுங்கள்.

ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வாட்ஸ்அப் போதும். 45,000 ரூபாய்க்காக மாமன் மகன் மேல் கேஸ் போட வருகிறவரை நானே டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். நாளைக்கு மாமா வீட்டில் பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கட்டும். இப்படி அனுப்புங்கள்:

"தம்பி, கம்ப்யூட்டர் 45,000. நம்ம வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்து, சரின்னு சொன்ன பிறகுதான் வாங்கினதா கணக்கு. அதுவரைக்கும் உன் பொறுப்பு. உன் சொந்தப் பணத்துல வாங்கினது, இ.எம்.ஐ. பாக்கி இல்லை, மைனிங்குக்கு ஓடலை, ரிப்பேர் பார்த்ததில்லைன்னு நம்பி வாங்கறேன். ஏதாவது மாறி இருந்தா இப்பவே சொல்லு."

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால், அந்தக் குதிரை உங்களுக்குத் துணை. வெறும் கட்டைவிரல் மட்டும் வந்தால், மைனிங் பற்றி மட்டும் இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.