நம்பிக்கைகளும் உண்மைகளும்: நிறையாத மலக்குழி

யாழ்ப்பாணத்தில் பழைய வீட்டுக்காரர் பலர் பெருமையோடு சொல்வதுண்டு: குழி வெட்டி இருபது வருடமாகிறது, ஒருநாளும் நிறைந்ததில்லை, கழிவள்ளும் பவுசரைக் கூப்பிட வேண்டி வந்ததேயில்லை. குழி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதையே சான்றாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறு. அடியும் சுவரும் சீமெந்து பூசி முறையாகக் கட்டிய தொட்டி, பாவிக்கத் தொடங்கிச் சில வாரங்களிலேயே வெளிவாய் மட்டத்துக்கு நிறைந்துவிடும். அதன் பிறகு எப்போதும் நிறைந்தே இருக்கும். பாரமானவை அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும், நடுவிலுள்ள நீர் வெளியேறிக் கசிவுக்குழிக்குப் போகும். சேறு ஏற ஏற நீர் தங்கித் தெளிய இடமில்லாமல் போவதால், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை அள்ள வேண்டும். இருபது வருடமாக நிறையாத குழிக்கு அடி இல்லை. அதற்குள் போனதெல்லாம் நிலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மழையாக விழுந்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய நீரைத்தான். அந்த நன்னீர், தன்னைவிடப் பாரமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அது ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். மேலேயிருந்து இறங்குவதைப் பற்றி அந்தப் பயம் இல்லை. மழைநீர் காலங்காலமாகக் கரைத்துக் கரைத்து இந்தக் கல் முழுவதும் வெடிப்பும் துளையும் குகையுமாகக் கிடக்கிறது. நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து மேற்கூரை இடிந்த ஒரு குகையின் வாய்தான். மணலிலும் களியிலும் கழிவுநீர் மெல்ல மெல்லக் கசியும்போது கிருமிகள் மண்ணில் ஒட்டி, நாட்பட்டுச் செத்துப்போகும். வெடிப்புள்ள கல்லில் அந்த வடிகட்டல் நடப்பதில்லை, நீர் நேரே ஓடிவிடுகிறது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் அயற்கிணறுகளை மாசுபடுத்திய வழக்கில், 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது, ஊரும் திரண்டு கேட்டது. மலக்கழிவும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. அதற்காக ஒருவரும் தெருவுக்கு வருவதில்லை.

‘கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடி விட்டிருக்கிறோமே’ என்பார்கள். நல்லதுதான். ஆனால் ஐம்பது அடி, அதாவது பதினைந்து மீற்றர், கிணற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் வேண்டும். அந்த வட்டத்தின் பரப்பளவு 700 சதுர மீற்றருக்கு மேல் வரும். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே ஒரு கிணற்றைச் சுற்றிக் குழியே இல்லாமல் வைத்திருக்க மட்டும் கிட்டத்தட்ட மூன்று பரப்பு நிலம் தேவை. காணிகள் இரண்டு பரப்பாகவும் ஒரு பரப்பாகவும் துண்டாடப்பட்டுவிட்ட இடத்தில் உங்கள் குழியை நீங்கள் எவ்வளவு தள்ளி வெட்டினாலும், வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில் வந்துவிடும். உங்களுடையது அவருடைய கிணற்றுக்கு. சட்டப்படி கிணறு உங்கள் வளவுக்குள் இருக்கலாம், அதற்குள் ஊறும் நீர் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. அதோடு, இந்தத் தூரக் கணக்கே வடிகட்டும் மண்ணை நம்பிப் போடப்பட்டது. அமெரிக்காவின் ஈரி ஏரியிலுள்ள சௌத் பாஸ் தீவும் சுண்ணாம்புக்கல் தீவுதான். 2004ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே ஏறத்தாழ 1,450 பேர் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். தீவின் நிலத்தடி நீரில் பரவலாகக் கழிவுநீர் கலந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

அடுத்தது, தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது, கொதிக்கவைத்தும் குடிக்கிறோம் என்ற ஆறுதல். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், அதில் ஐயமில்லை. சிறுநீரிலும் மலத்திலுமுள்ள நைதரசன் மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாறி நீரில் கரைகிறதே, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிப் போக அது இன்னும் செறிவாகும். குளோரின் போட்டாலும் அது அப்படியே இருக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் உடல் நீலம்பாரித்துப் போவதற்கு இந்த நைத்திரேற்றே காரணம் என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

‘நைத்திரேற்று தோட்டத்து உரத்தால்தான் வருகிறது, மலக்குழிக்கு அதில் என்ன பங்கு’ என்று இங்கே ஒரு மறுப்பு எழும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம் பெரிய காரணம்தான். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் உரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு வீட்டை மட்டும் கணக்குப் பார்க்கலாம். ஒருவர் வருடத்துக்கு ஏறத்தாழ நான்கு கிலோகிராம் நைதரசனைக் கழிக்கிறார். அது முழுவதும் நைத்திரேற்றானால் 17 கிலோகிராமுக்கு மேல் வரும். அதை 50 மில்லிகிராம் எல்லைக்குள் கரைத்து வைக்க ஏறத்தாழ 350 கன மீற்றர் சுத்தமான நீர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 1,400. வழியில் பாதி நைதரசன் வாயுவாகிப் போய்விடுகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 700 கன மீற்றர் தேவை. யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இரண்டு பரப்புக் காணியில் விழும் மழை முழுவதும், ஒரு துளி ஆவியாகாமல், மரம் குடிக்காமல், தெருவுக்கு ஓடாமல் நிலத்துக்குள் இறங்கினாலும் அது 630 கன மீற்றர்தான். உண்மையில் இறங்குவதோ அதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே உரமே போடாத நகர வளவுகளிலும், நெருக்கமாக வீடு கட்டி, எல்லோரும் கிணறும் குழியுமாக இருந்தால், அந்த நீர் எல்லையைத் தாண்டியே தீரும். கட்டியவர் நல்லவரா, மேசன் திறமைசாலியா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது.

அப்பு ஆச்சி காலத்திலிருந்து குடித்த கிணறு என்ற நியாயத்தையும் இந்தக் கணக்கை வைத்தே பார்க்க வேண்டும். அவர்கள் குடித்த கிணறு அதேதான். அதைச் சுற்றியிருந்தவை வேறு. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. துலாவில் இறைத்த நீர் கொஞ்சம். இன்று மோட்டார் இழுப்பது பல மடங்கு. பலர் வெளிக்குப் போனார்கள்; நகரத்தில் வாளிக் கக்கூசு இருந்தது, அதை மனிதர் தலையில் சுமந்து அகற்றினார்கள். அந்த இழிவு ஒழிந்ததும் வீட்டுக்கு வீடு நீரடைப்பு மலசலகூடம் வந்ததும் பெரிய நன்மை. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்லக் கூடாது. ஆனால் முன்பு வளவை விட்டு வெளியே போனது இப்போது வளவுக்குள்ளேயே, கிணற்றுக்குப் பக்கத்திலேயே இறங்குகிறது.

அப்படியானால் குழாய்நீர் மட்டும் நம்பத்தக்கதா என்று கேட்பது நியாயமே. பொது வழங்கலும் பிழைக்கும், பிழைத்தால் ஊரையே தாக்கும். நம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வாக்கர்ரன் என்ற சிறுநகரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டெரு பொதுக் கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. குளோரின் ஒழுங்காகச் சேர்க்கப்படவில்லை, பதிவேட்டிலோ பொய் எழுதியிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். நீதிபதி தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது, பொறுப்பானவர்கள் நீதிமன்றத்தில் நின்றார்கள், 2002இல் குடிநீருக்கென்று தனிச் சட்டம் வந்தது. தனியார் கிணற்றில் நீர் கெட்டால் விசாரிக்க எவரும் இல்லை. கெட்டது என்பதே தெரியவராது. குழாய்நீரை நம்பலாம் என்பதற்குக் காரணம், அதைச் சோதிக்கும் கடமை ஒருவர் தலையில் இருக்கிறது, அவரைக் கேள்வி கேட்க முடிகிறது என்பதுதான்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்பவர்களும் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்: குழாய் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் தடைப்பட, நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் யாழ்ப்பாண நகரில் வீடுகளை இணைக்கும் பொதுக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. நீர் குழாயில் வந்து, கழிவு மட்டும் பழைய குழிக்கே போனால், பாவனை கூடி நிலத்துக்குள் இறங்குவதும் கூடும். குழாய் எட்டாத வீடுகள், பெரும்பாலும் வசதியற்றவர்களின் வீடுகள், அந்த நீரையே தொடர்ந்து குடிக்கும். குழாய் பெற்றவர்களோ கிணற்றைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். ஆகவே நீர் இணைப்புக் கொடுக்கும் வீட்டின் தொட்டியையும் அதே வருகையில் பார்த்துப் பதிய வேண்டும். அடியில்லாத குழிகளை மூடிய தொட்டிகளாக மாற்ற உள்ளூராட்சி மன்றம் கடனோ மானியமோ கொடுக்க வேண்டும். நெருக்கமான குறிச்சிகளில் இருபது முப்பது வீடுகளுக்குச் சேர்த்து ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைக்கலாம். பவுசர் அள்ளும் சேற்றைச் சுத்திகரிக்க ஓர் இடம் இல்லையென்றால், ஒரு வளவிலிருந்து எடுத்து இன்னொரு வெறுங்காணியில், அதே கல்லின் மேல், கொட்டத்தான் செய்வார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டார் இவையெல்லாம் வரும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே கிணற்று நீரை நைத்திரேற்றுக்கும் மலக்கிருமிக்கும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். முடிவு வரும் வரை குழந்தைக்குப் பால்மா கரைப்பது சோதிக்கப்பட்ட நீரில் மட்டுமே இருக்கட்டும்.