சயாமுக்குப் போனவர்களைப் பற்றி ஓர் இளம் ஆசிரியருக்கு

குளுவாங், ஜொகூர்

அன்புள்ள தம்பிக்கு,

வார நாட்களில் தமிழ்ப்பள்ளியில் சரித்திரமும், ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் சமய வகுப்பும் நடத்தப்போகும் நீ, போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயிலின் கதையைப் பிள்ளைகளிடம் எவ்விதம் சொல்வது என்று கேட்டிருந்தாய். தொகைகளில் தொடங்காதே. 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றதும், அதற்கென்று கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடப்படுவதும் பின்னால் வரட்டும். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்ற பேச்சை நம்பிப் புறப்பட்டோ, இலவசப் படக்காட்சி என்று அழைக்கப்பட்டுப் போய்க் கொட்டகைக் கதவு சாத்தப்பட்டுப் பிடிபட்டோ, மூடிய சரக்கு வண்டியில் பான் போங் வரை பிரயாணம் செய்து, அங்கிருந்து காட்டுவழியே நடத்திச் செல்லப்பட்ட ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை முதலில் அவர்கள் கண்முன் நிறுத்து. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது போர்க்கைதிகளுக்காவது அவர்களுடைய சொந்த வைத்தியர்கள் இருந்தார்கள். இவனுக்கு அதுவும் இல்லை. காஞ்சனாபுரி மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறைகள் இருக்க, நம்மவனுக்கு அங்கே ஒரு வரிசைகூடக் கிடையாது.

ஆள் கேட்டவன் ஜப்பானியன். பெயரெழுதிக் கொடுத்த கை பல தோட்டங்களில் நம் கிராணியுடையது, கங்காணியுடையது. இதை மறைக்காதே. ஆனால் அந்த வம்சத்துப் பிள்ளையும் உன் வகுப்பில் இருக்கக்கூடுமாகையால், தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, பெயரெழுதியவன் மறுத்திருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்.

ஞாயிறு வகுப்புத்தான் கடினம். சாமி அப்போது எங்கே இருந்தார் என்று ஏதாவதொரு பிள்ளை கேட்காமல் இராது. முன்வினைப் பயன் என்று சொல்லி அதன் வாயை அடைத்துவிடாதே. கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவன்மேல் பழி சுமத்தும் பதில் அது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் உபாத்தியாயரைச் சைவம் ஒருநாளும் தள்ளிவைத்ததில்லை. அத்துடன், திதி தெரியாமல் போனவர்களுக்கு ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அதில் சயாமுக்குப் போனவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி குருக்களைக் கேட்டுப் பார்.

இன்னொன்று. நம்மவர் உழைப்புக்காகக் கொண்டுபோகப்பட்டு அலட்சியத்தால் சாகவிடப்பட்டார்கள்; ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தை வேண்டி நிற்கும் 1948-ஆம் வருஷத்து ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின் இலக்கணத்துக்குள் இதை வலிந்து புகுத்தவேண்டிய அவசியமில்லை, கொடுமை அதனால் ஓர் அணுவும் குறையாது. ஆனால் 1942-இன் தொடக்கத்தில் இதே ஜொகூரில் சீனர்கள் தேடிப் பிடித்துக் கொல்லப்பட்டதை விட்டுவிட்டு நம் துயரத்தை மாத்திரம் போதித்தால், அது சரித்திரம் ஆகாது, ஒப்பாரியாகிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஜொகூர் பாருவில் கெபுன் தே என்னுமிடத்தில் அவர்களுடைய கூட்டுக் கல்லறை இருக்கிறது. பக்கத்துச் சீனப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பேசி, இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் அழைத்துப் போ. பெற்றோரின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடு, தலைமையாசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் உபாத்தியாயர்