‘டிக்’ என்ற ஒலி போதுமா?

ஈப்போவின் உச்சி வெயிலில் நிறுத்தி வைத்த பழைய கார், அரை மணி நேரம் கழித்து உயிர்பெற மறுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஸ்டார்ட்டர் சுழலும்; இயந்திரம் பற்றாது. வெயில் தணிந்தால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோகும் வேளையில் காரில் ஒரு குறையும் இராது.

சுங்கை சிப்புட் பக்கம், முன்னாள் ரப்பர் தோட்டமொன்றில் வசிக்கும் என் மாமாவின் காருக்கும் இதே நோய். ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், பிறகு பிளக்குகளை, அதற்குப் பிறகு பேட்டரியை. பேருந்து எட்டிப் பார்க்காத சாலை அது. அத்தையை வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஈப்போவுக்கு அழைத்துச் செல்லும் கார் அது ஒன்றுதான். ஊகித்து ஊகித்து வைத்தியம் பார்த்ததில் வீணானது ரிங்கிட் மட்டுமல்ல.

குற்றவாளி ரிலே. பள்ளி விளையாட்டுப் போட்டியில் நாம் ஓடிய அஞ்சல் ஓட்டத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், பொருத்தமான பெயர். சாவி தரும் சிறு மின்னோட்டத்தைப் பெற்று, பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுவது இதன் வேலை. உள்ளே ஒரு மின்சுருள். அதன் மின்தடை 80 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர்தான் அதில் ஓடும். அது காந்தமாகித் தொடுமுனைகளைச் சேர்க்கும்போது, பம்ப்புக்குப் பல ஆம்பியர் பாயும். பொதுவகை ரிலேக்களில் 85, 86 என்ற எண்கள் சுருளுக்கு. 30, 87 தொடுமுனைகளுக்கு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று கேட்டால், "ரிலே நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஒலி சுருள் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தொடுமுனை கருகியிருக்கலாம், பலகையில் ஊசிகளைப் பிடித்திருக்கும் பற்றாசு விரிசல் விட்டிருக்கலாம். 1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்ட் கார்களின் பிரதான ரிலேயில் இப்படிப் பற்றாசு விரிவது பழுதுபார்ப்போர் நன்கறிந்த செய்தி. சூட்டில் விரிசல் திறக்கும், குளிர்ந்தால் மூடும். அதனால்தான் பட்டறையில் நோய் ஒளிந்துகொள்கிறது. (‘பற்றாசு’ நம் பொற்கொல்லர்களின் சொல். மின்னியலுக்கும் அதுவே போதும் என்பது என் கட்சி.)

ஆகவே கார் மறுக்கும் வேளையில்தான் சோதிக்க வேண்டும். நான் நண்பகலில் போனேன். மாமாவின் காரிலும் இரட்டை ரிலே: ஒரு பாதி கணினிக்கும் எரிபொருள் ஊசிகளுக்கும், மறு பாதி பம்ப்புக்கும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்தோம். இவ்வகைக் கார்களில் எஞ்சின் விளக்கு எரிந்து சுமார் 2 விநாடியில் அணையும். அதே நேரம் பின்னிருக்கைப் பக்கம் பம்ப்பின் ரீங்காரம் கேட்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் முதல் பாதியைச் சந்தேகிக்கலாம். எங்களுக்கு விளக்கு எரிந்து அணைந்தது, ‘டிக்’ ஒலியும் வந்தது, பம்ப் மட்டும் ஊமை.

மல்டிமீட்டரை எடுத்தேன். ரிலேக்குள் வரும் முனையில் 12 வோல்ட். மாமா ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது பம்ப்புக்குப் போகும் முனையில் ஒரு வோல்ட்கூட இல்லை. கணினி தன் பங்காகச் சுருளின் மறுமுனையைப் பூமியோடு இணைத்துக்கொண்டுதான் இருந்தது. கணினி அதைச் செய்யாதிருந்தால் பழி ரிலேயின்மேல் விழாது; சுழற்சியை உணரும் சென்சார் பக்கம் போக வேண்டியிருக்கும். பம்ப் ஓடும்போது அளப்பவர்கள் இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் தொடுமுனை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூடியைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், ஓர் ஊசியைச் சுற்றி முடியளவு கருவளையம். மறுபடி பற்றாசு வைத்தாலும் ஓடும். நான் புதிய ரிலேயே போடச் சொன்னேன்; அத்தையின் பயணம் அதை நம்பி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அவசரத்துக்கு ரிலேயின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துப் பம்ப்பை ஓட்டுவார்கள். சோதனைக்குச் சில விநாடிகள், அதுவும் ஃபியூஸ் வைத்த கம்பியால் மட்டும் செய்யலாம். அப்படியே விட்டுவிட்டு ஓட்டக் கூடாது. விபத்தில் இயந்திரம் நின்றால் கணினி பம்ப்பை நிறுத்திவிடும். அந்தக் கம்பி இருந்தால், குழாய் உடைந்தாலும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.