கண்ணாடியோடு கேமராவும்!

மின்சாரக் காரின் முன்கண்ணாடியை மாற்றுகிறீர்களா? ரியர்வியூ மிரருக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டியிருக்கும் கேமராவை மறந்துவிடாதீர்கள். தடம் மாறினால் எச்சரிப்பதற்கும் தானாக பிரேக் போடுவதற்கும் பல கார்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அது ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும், 100 மீட்டர் தூரத்தில் கணக்கு சுமார் 1.75 மீட்டர் பிசகும். கிட்டத்தட்ட பாதித் தடம்!

ஆகவே கேமராவுக்கு ஏற்ற கண்ணாடியையே கேட்டு வாங்குங்கள். மாற்றியதும் கேமராவின் கோணத்தைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனைச் செய்யச் சொல்லுங்கள். சில கார்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் குறிப்பலகையை எதிரே நிறுத்திச் செய்வார்கள். சிலவற்றைக் கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்டித்தான் சரிசெய்ய வேண்டும். டெஸ்லா அந்த ரகம். பழைய அளவீட்டைத் திரையில் அழித்துவிட்டு ஓட்டவேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று அலட்சியம் வேண்டாம். கேலிப்ரேஷன் செலவும் இன்சூரன்ஸில் சேருமா என்று முன்பே கேளுங்கள். கேலிப்ரேஷன் அறிக்கை கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள்.