வானத்துச் சத்தமும் வாட்ஸ்அப் செய்தியும்

தியானப் பகுதி: எரேமியா 10:2, நீதிமொழிகள் 18:13, 1 தெசலோனிக்கேயர் 5:21



2020 மே 20, புதன்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா ஊரடங்கு நாட்கள். ஓசூரில் நம்முடைய ஜெபக்கூடம் பூட்டிக்கிடந்தது. பகல் ஒன்றரை மணி சுமாருக்கு ஹெப்பகோடியிலிருந்து சபைச் சகோதரர் ஒருவர் போன் பண்ணினார்: "பாஸ்டர், வானத்துல பயங்கரச் சத்தம்! ஜன்னலெல்லாம் ஆடிப்போச்சு!" கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் நிரம்பியது. பூமியதிர்ச்சி என்றார்கள், குண்டு என்றார்கள், வேற்றுக்கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன்? வெட்கத்தோடே எழுதுகிறேன். ஒருவரையும் விசாரிக்காமல், "இது கடைசிக்கால அடையாளம், ஆயத்தப்படுங்கள்" என்று சபையார் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

நடந்தது என்ன? பூமியதிர்ச்சி எதுவும் தங்கள் கருவிகளில் பதிவாகவில்லை என்று கர்நாடக இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் சொன்னது. அது விமானப்படையின் சோதனை விமானம் என்று பாதுகாப்புத் துறை மாலையில் அறிவித்தது. விமானம் ஒலியைவிட வேகமாகப் போகும்போது, காற்று விலக நேரமில்லாமல் நெருக்கப்பட்டு, இடிபோல் அதிர்கிறது. 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் அது வேகம் குறைத்தபோது அந்தச் சத்தம் கேட்டிருக்கலாம் என்றார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள்.

1. சொல் வாய்மாறினால் பொருள் மாறும். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்க விமானி கென்னத் அர்னால்ட் வானத்தில் ஒன்பது பொருட்களைக் கண்டார். தண்ணீரில் எறிந்த தட்டு தத்திப் போவதுபோல் அவை போயின என்றுதான் சொன்னேன் என்று பின்னால் விளக்கினார். பத்திரிகைகளோ "பறக்கும் தட்டு" என்று எழுதின. அதன்பின் ஊரெல்லாம் தட்டுகளைக் கண்டது.

2. பயந்த மனம் எதையும் நம்பும். அன்று வேலையில்லை, வெளியே வியாதி. அதே நாளில் வங்காளத்தில் ஆம்பன் புயலும் கரை கடந்தது. ஏற்கெனவே நடுங்குகிறவர்களுக்கு மேய்ப்பன் அனுப்பும் ஒரு வரி போதும்.

3. திருத்தத் தாமதிக்காதீர்கள். மாலையிலேயே எனக்கு உண்மை தெரிந்தது. "காலையில சொல்லிக்கலாம்" என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அன்று ராத்திரி, சர்க்கரை வியாதியுள்ள நம் சபை அம்மா ஒருவர், என் செய்தியைப் பார்த்துச் சாப்பிடாமல் ஜெபத்தில் உட்கார்ந்து, மயங்கி விழுந்தார். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க சொன்னா உண்மையாத்தானே இருக்கும்னு நெனச்சேன், பாஸ்டர்" என்றார். அந்த வார்த்தை இன்றும் என்னைக் குத்துகிறது.

பிரியமானவர்களே, வானத்தில் தோன்றுகிறவற்றைக் கண்டு தேவஜனம் கலங்க வேண்டியதில்லை. யார் கண்டது, எங்கே, எப்போது என்று கேளுங்கள். சாயங்காலம்வரை பொறுங்கள். தப்பாய் அனுப்பியிருந்தால், அதே கையால் உடனே திருத்தி அனுப்புங்கள். கர்த்தர் நமக்குத் தெளிந்த புத்தியைத் தருவாராக. ஆமென்.