நிலம் வாங்காத பில்டர்

2008-ல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தபோது நஷ்டப்படாமல் தப்பிய பெரிய பில்டர் யாராவது உண்டா?
– வாசகர், திருச்சி

உண்டு. வர்ஜீனியா மாநிலத்து என்.வி.ஆர். நிறுவனம். மற்றவர்கள் மனைகளை வாங்கிக் குவித்துவிட்டு, விலை விழுந்ததும் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். இவர்கள் நிலத்தை முன்கூட்டி வாங்கிப் போடுவதில்லை. விலையில் சிறு பங்கை அட்வான்ஸாகக் கொடுத்து ஒப்பந்தம் போட்டுவைப்பார்கள், தேவைப்படும்போதுதான் கிரயம். சந்தை படுத்துவிட்டதா? 'அட்வான்ஸ் போனால் போகட்டும்' என்று நடையைக் கட்டலாம். வீட்டையும் பெரும்பாலும், வாங்குபவர் கையெழுத்துப் போட்ட பிறகே கட்டத் தொடங்குவார்கள். விற்காத வீடும் இல்லை, அதற்கு வட்டியும் இல்லை. அந்த 2008-லும் லாபம் சுமார் 10 கோடி டாலர்!

பிறவி ஞானம் என்று நினைக்காதீர்கள். 1992-ல் இதே நிறுவனம் திவால் மனு கொடுத்திருக்கிறது.