புள்ளலூர்ப் போர்க்களம் புகட்டும் பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி, பிள்ளையார்பாளையம்)

முன்னுரை

காஞ்சிபுரம் என்றவுடன் வானளாவிய கோபுரங்களும் பளபளக்கும் பட்டுச் சேலைகளுமே எல்லோர் நினைவிற்கும் வரும். ஆனால் இந்திய வரலாற்றின் போக்கையே ஒரு நாள் உலுக்கிய போர்க்களம் ஒன்று நம் ஊருக்கு வடகிழக்கே, வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவ்வூரின் பெயர் புள்ளலூர். ஆங்கிலேயர் தம் ஏடுகளில் அதனைப் 'பொள்ளிலூர்' என்று எழுதி வைத்தனர்.

வரலாற்றுப் பாடத்தில் மைசூர்ப் போர்களைப் படித்தபோது, எங்கள் ஆசிரியையான சிஸ்டர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தார்கள். கீழே காஞ்சிபுரம், மேலே பேரம்பாக்கம், இடையில் புள்ளலூர், இன்னும் வடக்கே கொசத்தலை ஆறு. "இந்த நான்கு பெயர்களையும் புரிந்துகொண்டால் போர்த்தந்திரம் என்றால் என்ன என்பது புரிந்துவிடும்" என்றார்கள். அன்று நாங்கள் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

போர்முனை என்றால் என்ன?

இரண்டு படைகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் எல்லையே போர்முனை எனப்படும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், வடகடல் தொடங்கி ஸ்விட்சர்லாந்து எல்லை வரை பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன. அங்கே ஆண்டுக்கணக்காகப் போர்முனை சில மைல்கள்கூட நகராமல் நின்றது. ஒரு சில மைல் நிலத்திற்காக இலட்சக்கணக்கான இளைஞர் மாண்டனர்.

ஆனால் எல்லாப் போர்களும் அப்படி நடப்பதில்லை. பல போர்களில் போர்முனை ஓரிடத்தில் நிற்காது. இன்று ஆற்காட்டில் இருப்பது நாளை காஞ்சியில் இருக்கும்; மறுநாள் செங்கற்பட்டில் இருக்கும். நம் பகுதியில் 1780ஆம் ஆண்டு நடந்தது இத்தகைய நகரும் போரே ஆகும்.

போருக்குக் காரணம்

1769இல் மைசூர் மன்னர் ஐதர் அலியுடன் கம்பெனியார் சென்னையில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஆனால் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனியார் உதவிக்கு வரவில்லை. பின்னர் 1779இல், ஐதருக்கு ஆயுதங்கள் வந்திறங்கிய மாஹி துறைமுகத்தையும் அவர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். சினங்கொண்ட ஐதர் 1780 ஜூலையில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட பெரும்படையுடன் மலைக் கணவாய்களின் வழியே கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். ஆகஸ்டில் நவாபின் தலைநகரான ஆற்காட்டை முற்றுகையிட்டார்.

சேர முடியாத இரு படைகள்

கம்பெனியின் படை அப்போது ஓரிடத்தில் இல்லை. தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ சென்னையில் இருந்தார். 1764இல் பக்சார் போரில் வென்று புகழ் பெற்றவர் இவரே. கர்னல் பெய்லி என்பவர் சுமார் 2,800 வீரர்களுடன் குண்டூர்ப் பக்கமிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தார். சென்னைக்கு அருகிலேயே படைகள் ஒன்றுசேரட்டும் என்று மக்ளியாட் பிரபு கூறினார். மன்றோ அதனை ஏற்கவில்லை. ஆற்காட்டுக்கு அருகில் இருப்பதால் காஞ்சிபுரத்தையே கூடுமிடமாகக் குறித்தார். ஆகஸ்ட் இறுதியில் சுமார் 5,000 வீரர்களுடன் காஞ்சிக்கு வந்து, கோயிலைத் தம் பண்டகசாலையாக ஆக்கிக்கொண்டார்.

இங்கேதான் ஆறு குறுக்கிட்டது. ஆகஸ்ட் 25ஆம் நாள் பெய்லி கொசத்தலை ஆற்றை அடைந்தார். உடனே கடந்திருக்கலாம். ஆனால் அவர் வடகரையிலேயே இரவு தங்கினார். அன்றிரவு மழை கொட்டியது, ஆறு பெருக்கெடுத்தது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அவரால் அக்கரை சேர முடிந்தது. ஓர் இரவின் சோம்பல் ஒரு வாரத்திற்கு மேற்பட்ட தாமதமாக முடிந்தது!

ஐதர் அந்த நாட்களை வீணாக்கவில்லை. ஆற்காட்டு முற்றுகையை நிறுத்திவிட்டுக் காஞ்சியை நோக்கி நகர்ந்தார். தம் மகன் திப்புவைப் பெய்லிக்கு எதிராக அனுப்பினார். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி தாக்குப் பிடித்தார் எனினும், மேலே நகர முடியாமல் மன்றோவிடம் உதவி கேட்டு எழுதினார்.

பேரம்பாக்கத்துக்கும் காஞ்சிக்கும் இடையே இருந்தது சுமார் 14 மைல் தூரமே. மன்றோ ஏன் முழுப் படையுடன் செல்லவில்லை? அவருடைய அரிசியும் பெரும் பீரங்கிகளும் காஞ்சிக் கோயிலில் இருந்தன. கையில் இருந்ததோ சில நாள் உணவு மட்டுமே. தாம் நகர்ந்தால் அவை ஐதர் கையில் சிக்கும் என்று அஞ்சினார். ஆகவே கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறக்குறைய 1,000 பேரை மட்டும் இரவில் அனுப்பினார். அவர்கள் 9ஆம் நாள் பெய்லியுடன் சேர்ந்தனர்.

நம் பிள்ளையார்பாளையத்துப் பெண்களுக்கு இதனை எளிதாக விளக்கலாம். கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓடும். தறியில் இருப்பவரும் பக்கத்தில் உதவுபவரும் ஒரே கணக்கில் கை வைத்தால்தான் உடலும் கரையும் ஒன்றாகப் பிணையும். ஒருவர் பிந்தினாலும் கோர்வை விட்டுப்போகும். மன்றோவும் பெய்லியும் கோர்வை தவறிய இருவர்!

செப்டம்பர் 10

9ஆம் நாள் மாலை பெய்லியின் படை காஞ்சி நோக்கிப் புறப்பட்டது. வழியில் மீண்டும் ஒரு தவறு நிகழ்ந்தது. இரவோடிரவாக நடந்திருந்தால் மன்றோவின் பாசறையை நெருங்கியிருக்கலாம். பெய்லியோ விடியட்டும் என்று படையை நிறுத்தினார். அதே இரவில் ஐதர், மன்றோ அறியாதபடி தம் பெரும்படையைக் காஞ்சிப் பக்கமிருந்து புள்ளலூர்ப் பக்கம் நகர்த்திவிட்டார். ஐதரின் ஒற்றர்கள் கம்பெனிப் படையின் ஒவ்வோர் அசைவையும் அவருக்குத் தெரிவித்து வந்தனர். மன்றோவுக்கோ செய்தி கொண்டுவருவோர் சரியாக அமையவில்லை.

10-9-1780 காலையில் புள்ளலூர் அருகே பெய்லியின் படை நாற்புறமும் சூழப்பட்டது. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் சீறிப் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. வீரர்கள் சதுர வியூகம் அமைத்துப் பலமுறை குதிரைப்படையைத் தடுத்தும் பயனில்லை. பிளெட்சர் உயிரிழந்தார். பெய்லி சரணடைந்து சீரங்கப்பட்டணச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கேயே 1782இல் இறந்தார். சிறைப்பட்டோரில் ஒருவரான டேவிட் பேர்ட் என்னும் இளம் அதிகாரி, 1799இல் சீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார் என்பது வரலாற்றின் விந்தை.

அன்று காலை பீரங்கி ஒலி கேட்டு மன்றோ காஞ்சியிலிருந்து புறப்பட்டார். புகை தெரிந்தது, பிறகு ஓசை அடங்கியது. பெய்லி வென்றுவிட்டார் போலும் என்று முதலில் எண்ணினார்களாம்! உண்மை தெரிந்ததும் காஞ்சிக்குத் திரும்பி, பெரும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். எந்தப் பண்டங்களைக் காப்பதற்காக அவர் நகராமல் இருந்தாரோ, அவற்றையே கைவிட நேர்ந்தது.

மீண்டும் நகர்ந்த எல்லை

நவம்பர் தொடக்கத்தில் ஆற்காடு ஐதர் வசமாயிற்று. அதே மாதம் வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் கடல் வழியாகச் சென்னை வந்து தலைமை ஏற்றார். 1781 ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார். ஆகஸ்ட் 27ஆம் நாள் அதே புள்ளலூரில் மறுபடியும் போர் நடந்தது. இம்முறை இரு பக்கமும் தெளிவான முடிவு காணவில்லை. அப்போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய கூர்மையான நினைவுத் தூண்கள் புள்ளலூரில் உள்ளன. செப்டம்பர் இறுதியில் சோளிங்கரில் மற்றொரு போர். 1782 டிசம்பரில் ஐதர் காலமானார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையில் இரு தரப்பாரும் பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்தனர். நான்கு ஆண்டுகள் இரத்தம் சிந்தியபின் எல்லைக்கோடு தொடங்கிய இடத்திற்கே திரும்பியது!

இந்த மண் அதற்கு முன்பும் போர் கண்டதே. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது.

இக்காலத்துக்கு ஏற்ற பாடங்கள்

புள்ளலூரிலிருந்து நாங்கள் கற்ற பாடங்கள் நான்கு. பிரிந்த படை எண்ணிக்கையில் பெரிதாயினும் வலிமையில் சிறிது. உணவும் வண்டிகளும் இல்லாத படை கால் இல்லாத மனிதனுக்கு ஒப்பாகும். செய்தி அறிந்தவனே முந்திச் செல்வான். ஆறும் மழையும் தளபதியின் கட்டளைக்கு அடங்கா.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரில் இவை நன்கு உணரப்பட்டன. தளபதி மானெக்ஷா மழைக்காலம் கழிந்து ஆறுகள் வடியும் வரை பொறுத்திருந்தார். டிசம்பர் 3இல் போர் மூண்டது. அரண் செய்யப்பட்ட நகரங்களில் மோதி நிற்காமல் நம் படைகள் பலவற்றைச் சுற்றிக்கொண்டு டாக்காவை நோக்கி விரைந்தன. 16ஆம் நாள் எதிரிப்படை சரணடைந்தது. இவ்வெற்றிக்குத் தலைமை தாங்கிய மானெக்ஷா பிற்காலத்தில் நம் நீலகிரியில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டனில் காலமானார்.

மைசூர் ராக்கெட்டுகளைக் கண்ட ஆங்கிலேயர் பின்னர் அவற்றை ஆராய்ந்து தாமும் செய்தனர். அமெரிக்காவில் வாலப்ஸ் தீவின் ராக்கெட் நிலையத்தில் திப்புவின் ராக்கெட் வீரர்களின் ஓவியத்தைக் கண்டு பெருமிதம் கொண்டதாக டாக்டர் அப்துல் கலாம் தம் வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

தாத்தா கேட்ட கேள்வி

இவ்வளவையும் படித்து முடித்த நாங்கள், "வெள்ளையரை நம் ஊரருகிலேயே தோற்கடித்தார்கள்!" என்று மகிழ்ந்தோம். ஒரு மாலை, எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வரைபடம் தீட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே தறி ஓடும் ஓசை. அவளுடைய தாத்தா எங்கள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா பிள்ளைங்களா, ராசா ஜெயிச்சாரு, தொரை தோத்தாரு, சரி. அந்த வருஷம் நம்ம ஊர்ல தறி ஓடிச்சா?" என்று கேட்டார்.

எங்களுக்கு வாயடைத்துவிட்டது. எங்கள் வரைபடத்தில் படைகளுக்குச் சிவப்பும் பச்சையும் தீட்டியிருந்தோம். நெசவாளர் வீட்டுக்கு எந்த நிறமும் இல்லை.

மறுநாள் சிஸ்டரிடம் கேட்டோம். அவர்கள் சொன்னவை எங்கள் மனத்தை வாட்டின. கம்பெனிப் படைக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காகச் சென்னையைச் சுற்றிலும் இருந்த ஊர்களையும் விளைச்சலையும் ஐதரின் குதிரைப்படை எரித்தது. ஏரிகளைப் பழுது பார்க்க ஆளில்லை, உழுவதற்கு மாடில்லை. 1781 தொடங்கிக் கொடும் பஞ்சம் பரவியது. உயிர் பிழைக்க மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னைக்கு ஓடினர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782இல் தொடங்கப்பட்டதே மணியக்காரர் சத்திரம். அதுவே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. காஞ்சியின் பங்காரு காமாட்சித் திருவுருவமும் போர் அச்சத்தால் ஊரை விட்டுச் சென்று, இன்றும் தஞ்சையிலேயே உள்ளது. தெய்வத் திருமேனிக்கே இடமில்லாத ஊரில் தறிக்கு ஏது இடம்? பருத்தி கொண்டுவரும் பொதிமாடுகள் வராமல், துணி வாங்கும் வணிகர் வராமல், உலையில் போட அரிசி இல்லாமல் பாவு போடுவார் யார்?

மற்றொன்றும் அறிந்தோம். பெய்லியின் படையில் ஐரோப்பியர் சிலரே. பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். எதிரே நின்றவரும் இந்நாட்டவரே. அன்று புள்ளலூர் வயலில் இரு பக்கமும் மாண்டவர்கள் நம் மண்ணின் மக்கள். ஆங்கில அதிகாரிகளுக்குத் தூண்கள் உண்டு. ஐதரின் வெற்றிக்குச் சீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் பெரிய சுவரோவியம் உண்டு. எரிந்த குடிசைகளுக்கு நினைவுச் சின்னம் எங்கே?

முடிவுரை

தோழியரே! போர்த்தந்திரத்தைப் படிப்பது தவறன்று. நாட்டைக் காக்கும் வீரர்களுக்கு அது தேவை. நமக்கும் ஒற்றுமை, காலந்தவறாமை, முன்யோசனை ஆகியவற்றை அது கற்பிக்கிறது. ஓர் இரவு தங்கியதால் ஆறு தடுத்தது. இன்னோர் இரவு தங்கியதால் படையே அழிந்தது. தேர்வுக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் நாம் பெய்லியைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஆயினும் வரைபடத்தில் ஒரு கோடு நகர்கிறது என்று படிக்கும்போதெல்லாம் தாத்தாவின் கேள்வியை நினைப்போம். அந்தக் கோடு வெறுந்தாளின் மீது நகர்வதில்லை. யாருடைய வயலின் மீதோ, யாருடைய தறியின் மீதோ, யாருடைய அடுப்பின் மீதோ நகர்கிறது. இன்றும் உலகில் போர் நடக்கும் நாடுகளில் எங்களைப் போன்ற மாணவியர் புத்தகப் பையை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் காலை வழிபாட்டில் நாள்தோறும் ஒரு நிமிடம் மன்றாடுவது என்று எங்கள் வகுப்பார் முடிவு செய்துள்ளோம்.

எங்கள் வரைபடம் இப்போது வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. அதில் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே, காஞ்சிபுரம் என்று எழுதிய இடத்தில், சிறியதாக ஒரு தறியும் வரைந்திருக்கிறோம்.